யாரைப் பாத்துச் செஞ்சது

எங்கள் ஊரில் யாராவது புதிதாக ஒன்றைச் செய்தால், முதல் ஒரு வாரம் அது மோட்டார்க்காரர் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்வார்கள். மாட்டுச்சாளையின் கூரையாக இருக்கலாம், கல்யாணப் பத்திரிகையின் அட்டையாக இருக்கலாம். அவர் வருவார். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்பார். பிறகு கேட்பார்: "நல்லாத்தான் இருக்குதுங்க. யாரைப் பாத்துச் செஞ்சது?"

பதிலுக்கு அவர் காத்திருந்து நான் பார்த்ததில்லை. பதிலையும் அவரே சொல்லிவிடுவார்.

ஆழ்குழாய்க் கிணற்றில் இறங்கிக் கிடக்கும் மோட்டாரை மேலே தூக்கிப் பழுது பார்ப்பது அவர் தொழில். மீனாட்சிபுரத்திலிருந்து கோபாலபுரம் வரை, எல்லைக்கு இந்தக் கேரளப் பக்கமும் அந்தத் தமிழ்நாட்டுப் பக்கமும் அவர் கால் படாத தோட்டம் கிடையாது. அதனால் எந்த வீட்டுக்காரர் எந்த வீட்டைப் பார்த்து எதைச் செய்தார் என்பது முழுக்க அவர் தலைக்குள் இருந்தது. அதைத் தலைக்குள்ளேயே வைத்துக்கொள்ளத்தான் அவருக்குத் தெரியவில்லை.

தன் விஷயத்திலும் அப்படித்தான். டீக்கடையில் ஒருமுறை ஒருவர் அவரை மடக்கப் பார்த்தார். "ஏனுங்க, உங்க மீசை யாரைப் பாத்து வெச்சதுங்க?"

"என்ற மாமனாரைப் பாத்து. அவரு ஒரு போலீஸ்காரனைப் பாத்து வெச்சாரு. நீயும் வெக்கலாம். அதுக்கு மொதல்ல வேற மூஞ்சி பாக்கோணும்."

கடை சிரித்தது. கேட்டவர் சிரிக்கவில்லை. இப்படிச் சிரிக்காமல் போனவர்கள் ஊரில் வருடத்துக்கு இரண்டு மூன்று பேராகக் கூடிக்கொண்டே இருந்தார்கள்.

அவர்களில் பெரியவர் பால் சங்கத் தலைவர். புது மாட்டுச்சாளை கட்டி, ஊரைக் கூப்பிட்டுச் சோறு போட்டார். மூத்திரம் தேங்காமல் ஓடுகிற மாதிரி தரைக்கு வாட்டம் வைத்திருந்தார். "முழுக்க என்ற பிளானுங்க. ஒரு எஞ்சினீயரைக் கூடக் கேக்கல" என்று பந்தி பந்தியாக வந்து சொன்னார். மூன்றாம் பந்தியில் எங்கள் அப்பாவுக்குப் பக்கத்து இலையில் இவர் இருந்தார்.

"உடுமலை ரோட்டுல ஒரு பண்ணை இருக்குதுங்களே, போன மாசம் அங்க மோட்டார் எடுக்கப் போனேன். இதே வாட்டம், இதே காவா. அங்க தகரம் செகப்பு, இங்க பச்சை. அந்தப் பச்சை மட்டும் தலைவரு சொந்தமா யோசிச்சதுங்க."

ரசம் வாங்கிக்கொண்டிருந்தவர்கள் புரையேறும்வரை சிரித்தார்கள். தலைவரும் சிரித்தார். ஆனால் அதற்குப் பிறகு அடுத்த பந்திக்குப் போய் அவர் எதுவும் சொல்லவில்லை.

அடுத்தது நான்.

ஒன்பதாம் வகுப்பில் நீர்ச் சிக்கனம் பற்றிப் பேசி ஒரு கோப்பை வாங்கினேன். அப்பா அதைக் கூடத்தில் டிவிக்கு மேல் வைத்திருந்தார். வருகிறவர்கள் முன்னால் என்னை நிறுத்திப் பேசச் சொல்வார். எங்கள் மோட்டார் நின்றுபோன ஒரு காலையில் இவர் வந்தார். அப்பா வழக்கம்போல என்னைக் கூப்பிட்டார். நான் ஏற்ற இறக்கத்தோடு பேசி முடித்தேன். அவர் கையிலிருந்த மசியைத் துடைத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

"நல்லாப் பேசுறே அம்மிணி. போன வருசம் சித்தூருப் பள்ளிக்கூடத்துல மோட்டாரு மாட்டப் போனப்ப ஒரு புள்ள இதையே பேசுச்சு. அதுல கெணறுன்னு வந்தது, இதுல போருன்னு வருது."

உண்மைதான். அந்தப் பெண்ணின் பேச்சு ஒரு ஆண்டு மலரில் வந்திருந்தது. எடுத்து மாற்றியிருந்தேன். கடைசிப் பகுதி என்னுடையது. எங்கள் ஊர்த் தண்ணீர் லாரிக்கு முன்னால் குடங்கள் நிற்கும் வரிசையைப் பற்றிச் சொல்லியிருந்தேன். அதற்குத்தான் கை தட்டினார்கள் என்று இன்றும் நினைக்கிறேன். அதை வாய்விட்டுச் சொல்ல எனக்கு வரவில்லை. அப்பா என் முகத்தையே பார்த்தார். மோட்டார்க்காரர் மேலும் சொன்னார்: "எடுக்கறது தப்பில்ல கண்ணு. எல்லாருந்தான் எடுக்கறோம். எங்க எடுத்தேன்னு சொல்லிப்போடோணும், அவ்வளவுதான்." அந்தப் பாதி அப்போது என் காதில் ஏறவே இல்லை. மறுநாள் கோப்பை டிவி மேலிருந்து பீரோவுக்குள் போயிருந்தது. அப்பா என்னைத் திட்டவில்லை. அதற்குப் பிறகு யார் முன்னாலும் பேசச் சொல்லவும் இல்லை.

இதை எழுதும்போது நான் நியாயமாக இருக்கிறேனா என்று பலமுறை யோசித்துவிட்டேன். அவர் கெட்டவர் என்று காட்டுவதற்காகச் சொல்லவில்லை. பின்னால் நான் செய்ததற்கு முன்னால் இது நடந்தது. அதனால் சொல்ல வேண்டியிருக்கிறது.

நான் பதினொன்றாம் வகுப்புக்குப் போன வருடம் அவர் வீட்டுக் கறவை மாடு கன்று போட்டுவிட்டுப் படுத்துக்கொண்டது. டாக்டர் வந்து சுண்ணாம்புச் சத்து ஏற்றினார். தலை தூக்கிற்று, கால் ஊன்றவில்லை. மாடு வளர்ப்பவர்களுக்குத் தெரியும், இரண்டு நாளைக்கு மேல் படுத்த மாட்டுக்குத் தன் கனத்திலேயே தன் கால் செத்துப்போகும். அதற்குப் பிறகு அடிமாட்டு லாரிக்காரர்தான் வருவார். மூன்றாம் நாள் காலையில் லாரிக்காரரும் வந்துவிட்டார்.

இவர் அவரைத் தின்பண்டம் கொடுத்து உட்காரவைத்துவிட்டு, மோட்டார் தூக்கும் இரும்பு முக்காலியைக் கொண்டுவந்து மாட்டுக்கு மேலே நிறுத்தினார். சங்கிலிக் கப்பியைத் தொங்கவிட்டார். முதலில் கயிறு போட்டுத் தூக்கினார். கயிறு வயிற்றை அறுத்தது, மாடு அலறியது. இறக்கினார். தேங்காய் மண்டிச் சாக்குகளை நான்கு மடிப்பாகத் தைத்து அடியில் கொடுத்துத் தூக்கினார். சாக்கு இரண்டு பக்கமும் சேர்ந்து மாட்டை நசுக்கியது, மூச்சு முட்டியது. மறுபடியும் இறக்கினார். அப்போது அவர் மனைவி உள்ளே பேரனைச் சேலைத் தொட்டிலில் போட்டு ஆட்டிக்கொண்டிருந்தாராம். சேலை குழந்தையை நெருக்காமல் விரிந்து நிற்பதற்காக மேலே குறுக்கே ஒரு கட்டை செருகியிருப்போமே, அந்தத் தொட்டில் கட்டையை இவர் பார்த்தார். வேலியிலிருந்து ஒரு கனத்த மரத்தை வெட்டி, இரண்டு முனையிலும் சாக்கை மாட்டிப் பிரித்துவிட்டுத் தூக்கினார்.

ஊரே வேடிக்கை பார்த்தது.

"ஏனப்பா, மாட்டுக்குத் தாலாட்டு யாரு பாடறது?"

"உன்ற அம்மாளைக் கூட்டியா. அவ ஊளையுட்டா செத்த மாடு எந்திரிக்கும்."

மாடு தரையிலிருந்து ஒரு சாண் எழும்பி நின்றது. பத்து நிமிடம். பிறகு இறக்கினார். மறுபடியும் பத்து நிமிடம். கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில், கால் முறிந்தவர்களை அப்படித்தான் கொஞ்சம் கொஞ்சமாக நிற்கப் பழக்குகிறார்கள், தான் பார்த்திருப்பதாகச் சொன்னார். லாரிக்காரர் வெறும் லாரியோடு போனார். மறுநாள் சாயங்காலம் மாடு தன் காலில் நின்று, கன்றை நக்கியது.

அந்த வருடம் இன்னும் நான்கு மாடுகளைத் தூக்கினார். மூன்று பிழைத்தன. பிழைக்காத ஒன்று, தலைவரின் மச்சினர் வீட்டு மாடு. சிரிக்காமல் போனவர்களுக்கு அது போதுமானதாக இருந்தது. மாட்டைத் தொங்கவிடுவது வதை என்றும், இன்சூரன்ஸ் வராமல் போகும் என்றும் சங்கக் கூட்டத்தில் பேச்சு வந்தது. கடைசியில் தலைவர் ஒரு வழி சொன்னார். பாலக்காட்டுச் சித்தூரில் கறவைமாட்டு விழா வருகிறது. விவசாயிகள் கண்டுபிடித்த கருவிகளைப் பார்த்து மதிப்பிட அதிகாரிகள் வருகிறார்கள். அவர்கள் இதைக் கண்டுபிடிப்பு என்று ஒத்துக்கொண்டால் சங்கமே மூன்று செய்து வைத்துக்கொள்ளும், இவரே பொறுப்பு. இல்லையென்றால் இவர் முக்காலியைத் தூக்கிக்கொண்டு எந்த உறுப்பினர் வீட்டுக் கட்டுத்தறிக்கும் போகக் கூடாது.

அவருக்கு மலையாளம் கேட்டால் பாதி புரியும். பேச வராது. பள்ளியில் மலையாளமும் படித்த பெண் என்று என்னைத் துணைக்கு அனுப்பும்படி அப்பாவிடம் கேட்டார். அப்பா தயங்கினார். நான்தான் போகிறேன் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்பதை இப்போது என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

சித்தூரில் விழா நடந்த கல்யாண மண்டபத்தின் பின்பக்கம் முக்காலியை நிறுத்தி, ஒரு மண் மூட்டையைத் தொங்கவிட்டிருந்தோம். அவர் வெளுத்த சட்டை போட்டிருந்தார். மூன்று அதிகாரிகள் வந்தார்கள். எங்கள் சங்கத் தலைவரும் அவர்கள் பின்னால் நின்றார். மூத்தவர் கப்பியை இழுத்துப் பார்த்தார். முகத்தில் பிடித்திருந்தது தெரிந்தது. கையிலிருந்த தாளில் ஒரு கேள்வியைப் பார்த்துக் கேட்டார்: "ஆசயம் ஸ்வந்தமாணோ?"

"யோசனை உங்க சொந்தமான்னு கேக்கறாருங்க மாமா" என்றேன்.

அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. வாழ்நாள் முழுவதும் அவர் ஊராரைக் கேட்ட கேள்வியை முதல்முறையாக ஒருவர் கேலியில்லாமல் அவரைக் கேட்கிறார்.

"சொந்தமெங்கீங்க!" என்றார். விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினார். "முக்காலி போர்க்காரங்களுது. சாக்கு மெத்தை தேங்கா மண்டில மூட்டை எறக்கறவங்க முதுகுல போடறாங்களே, அதைப் பாத்தது. கட்டை என்ற சம்சாரத்துது, பேரனுக்குத் தொட்டல் கட்டுனது. சித்தெ சித்தெ நிக்கப் பழக்கறது ஆஸ்பத்திரிக்காரங்களுது."

நான் ஒவ்வொன்றாக மலையாளத்தில் சொன்னேன். தெளிவாக, நல்ல உச்சரிப்பில், மேடையில் பேசுவது போலச் சொன்னேன். தொட்டில் என்று சொன்னபோது இளைய அதிகாரி சிரித்தார். தலைவர் அவரைவிடப் பலமாகச் சிரித்தார். பின்னால் நின்ற கூட்டமும் சேர்ந்துகொண்டது. சிரிப்பில் இவர் குரல் அமுங்கிப்போயிற்று.

மூத்தவர் தாளைப் புரட்டியபடி என்னைக் கேட்டார்: "அப்போ இயாளுடேது எந்தா?"

அதையும் திருப்பிச் சொன்னேன். "அப்ப உங்களுது என்னன்னு கேக்கறாருங்க."

அவர் மடக்கிய விரல்களைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஏற்கெனவே சொன்னதைத் திரும்ப ஏன் கேட்கிறார்கள் என்பது போல ஒரு பார்வை. அவர் வாய் திறப்பதற்குள் அவர்கள் அடுத்த மேசைக்குப் போய்விட்டார்கள். அங்கே ஒருவர் தண்ணீர்த் தொட்டிக்கு மேலே விளக்கு எரிய வைத்திருந்தார். முழுக்கத் தன் யோசனை என்று சொன்னார். பரிசு அவருக்குக் கிடைத்தது.

திரும்பும்போது பேருந்தில் எனக்கு ஜன்னல் பக்கம் இடம் கொடுத்தார். கோபாலபுரம் நெருங்கும்போது சொன்னார்: "நல்லாச் சொன்னே அம்மிணி. ஒண்ணும் உடாமச் சொன்னே. அவங்களுக்குத்தான் கேக்கத் தெரியல."

அதற்குப் பிறகு ஊர் அவரைத் தொட்டில்காரர் என்றது. டீக்கடையில் அவர் டம்ளரை எடுத்தால், "ஏனுங்க, ஊதிக் குடிக்கறீங்களே, யாரைப் பாத்துங்க?" என்றார்கள். வேட்டியை மடித்துக் கட்டினால், "மடிப்பு யாருதுங்க?" என்றார்கள். தும்மினால்கூடக் கேட்டார்கள். முதலில் ஒன்றிரண்டு பதில் சொன்னார். பிறகு பார்சல் வாங்கிக்கொண்டு போனார். பிறகு அதுவும் இல்லை. புதுக் கூரை, புது வண்டி, புது மருமகள், எதை எந்த வீட்டில் பார்த்தாலும் "நல்லா இருக்குதுங்க" என்பதோடு நிறுத்திக்கொண்டார். ஊருக்கு நிம்மதியாக இருந்தது. எனக்கும்தான்.

அந்த மழைக்காலத்தில் எங்கள் மாடு கன்று போட்டுப் படுத்தது.

அப்பா சங்க உறுப்பினர். முதல் நாள் சங்கம் போட்ட தடையைப் பார்த்தார். இரண்டாம் நாள் டாக்டரைப் பார்த்தார். மூன்றாம் நாள் என்னைப் பார்த்தார். "நீ போய்க் கேளு. நீ கேட்டா மாட்டேங்க மாட்டாரு."

அவர் வாசலில் உட்கார்ந்து ஒரு மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தார். முக்காலி சுவரோரம் சாய்ந்திருந்தது. நான் சொல்லி முடிக்கும்வரை கம்பியை விடவில்லை.

"அது என்னுதில்லையே அம்மிணி" என்றார்.

"மாமா..."

"முக்காலி போர்க்காரங்களுது. சாக்கு மண்டிக்காரங்களுது. கட்டை என்ற சம்சாரத்துது. பழக்கறது ஆஸ்பத்திரிக்காரங்களுது. அவங்ககிட்டக் கேட்டுப் பாரு. என்னுதுன்னு ஒண்ணுமில்லைன்னு படிச்சவங்க சொல்லிப்போட்டாங்கல்ல? நீயுந்தான இருந்தே."

உள்ளேயிருந்து அவர் மனைவி, "வாயில்லாச் சீவனுங்க, போயிட்டு வாங்களே" என்றார். அவர் கம்பியில் ஒரு சுற்று, இன்னொரு சுற்று என்று எண்ணிக்கொண்டிருந்தார். எண்ணிக்கை தவறவே இல்லை.

எங்கள் மாட்டைக் கயிறு கட்டிப் பலகை மேல் இழுத்து லாரியில் ஏற்றினார்கள். கால்கள் நான்கும் ஒரு பக்கமாக இழுபட்டுப் போயின. தலை மட்டும் நிமிர்ந்து கன்று இருக்கும் பக்கம் திரும்பியிருந்தது. லாரிக்காரர், "ரெண்டு நாளு முன்னாடி அந்தத் தொட்டல்காரரைக் கூப்பிட்டிருக்கலாமுங்களே" என்றார். அவர் கேலியாகச் சொல்லவில்லை. அப்பா என்னைத் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனார்.

இப்போது எனக்கு இரண்டு குழந்தைகள். பெரியவளுக்கு ஆறு வயது, சின்னவன் தொட்டிலில். புகுந்த வீட்டுச் சாளையில் பச்சைச் சாயம் அடித்த இரும்புக் கருவி ஒன்று நிற்கிறது. படுத்த மாட்டைத் தூக்குவது. மூன்று கால், சங்கிலிக் கப்பி, பட்டையான ரெக்சின் மெத்தை, மேலே பிரித்து நிறுத்த ஒரு குறுக்குக் குழாய். கடைக்காரர் தன் பெயரை ஒட்டி, எங்கள் சொந்தக் கண்டுபிடிப்பு என்று கீழே அச்சடித்திருக்கிறார். இந்தப் பக்கம் நிறைய வீடுகளில் இருக்கிறது. நன்றாக வேலை செய்கிறது. போன வருடம் எங்கள் மாடு ஒன்று அதில்தான் பிழைத்தது.

சென்ற மாதம் எங்கள் ஆழ்குழாய் மோட்டார் நின்றது. என் மாமனார் ஆளுக்குச் சொல்லியனுப்பினார். வந்தது அவர். மீசை வெளுத்திருந்தது. என்னைப் பார்த்து, "நல்லா இருக்கியா அம்மிணி" என்றார். அவ்வளவுதான். வேலையைப் பார்த்தார்.

என் மகளுக்குப் புது ஆள் வந்தால் கால் தரையில் நிற்காது. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ச் சாளையைக் காட்டினாள்.

"தாத்தா, இது என்னன்னு தெரியுமா? மாட்டுக்குத் தொட்டல்! யாரு கண்டுபுடிச்சதுன்னு தெரியுமா?"

நான் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். அவர் இடுப்பில் கையை வைத்தார். ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். குறுக்குக் குழாயை ஒரு விரலால் தொட்டார். கேட்கப்போகிறார் என்று நினைத்தேன். கேட்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

"தெரியாது கண்ணு" என்றார். "புதுசா இருக்குது. நல்லா இருக்குது."

சித்தூர் மண்டபத்தில் சிரிப்பில் அவர் குரல் அமுங்கிப்போயிற்று என்று மேலே எழுதியிருக்கிறேன். இத்தனை வருடமும் அப்பாவிடமும் கணவரிடமும் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். அமுங்கவில்லை. நான் அவரை ஒட்டித்தான் நின்றேன். நான்கு விரல்களை மடக்கிய பிறகு அவர் கட்டைவிரலையும் மடக்கிச் சொன்னார்: "நாலும் நாலு எடத்துல சும்மாக் கெடந்துதுங்க. ஒண்ணாக் கட்டுனது மட்டும் நானு."

எனக்குத் தெளிவாகக் கேட்டது. அதற்கு மலையாளத்தில் ஐந்தாறு சொல் போதும், அந்தச் சொற்களும் நாக்கில் இருந்தன. எல்லோரும் சிரிக்கும்போது குறுக்கே பேசுவது மரியாதை இல்லை என்று நின்றேனா, டிவி மேலிருந்து போன கோப்பையை நினைத்து நின்றேனா, தெரியவில்லை. ஒருநாள் இப்படித் தோன்றும், ஒருநாள் அப்படி.

வேலை முடிந்து அவர் கை கழுவினார். டீ கொண்டுபோய்க் கொடுத்தேன். டம்ளரை வாங்கிக்கொண்டு, ஊதாமல், ஆறட்டும் என்று கையில் வைத்திருந்தார். பக்கத்தில் யாரும் இல்லை.

"மாமா, அன்னைக்கு ஒண்ணை உட்டுட்டேனுங்க" என்றேன்.

நிமிர்ந்து பார்த்தார். "என்னைக்கு? எதை அம்மிணி?"

"இல்லீங்க, இன்னைக்கு. டீக்குச் சக்கரை போட மறந்துட்டேன்."

ஒரு வாய் குடித்துப் பார்த்தார்.

"இருக்குதே" என்றார்.